ஹப், சுவிட்ச், ரவுட்டர், மோடம்: எது எந்த வேலையைச் செய்கிறது?

புதுக்கணு:
வணக்கம். எங்கள் அலுவலகத்தில் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொண்டிருந்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார். கணினி கொஞ்சம் தெரியும் என்பதால் அந்தப் பொறுப்பு என் தலையில் வந்து விழுந்தது. மொத்தம் முப்பது பேர் இருக்கிறோம். சுவரோரமாக ஒரு அலமாரி, அதைத் திறந்தால் ஒரே ஒயர் குவியல். இணைய சேவை நிறுவனம் வைத்துவிட்டுப் போன ஒரு வெள்ளைப் பெட்டி, அதன் கீழே 24 துளைகள் உள்ள சாம்பல் நிறப் பெட்டி, மேலே கூரையில் தட்டு மாதிரி ஒன்று (அதற்குக் கரண்ட் ஒயரே இல்லை, எப்படி எரிகிறது என்றே புரியவில்லை), பிரிண்டர் பக்கத்தில் எட்டுத் துளைகளுடன் ஒரு பழைய பெட்டி.

மூன்று நாளாக வாசிக்கிறேன். எங்கே பார்த்தாலும் "சுவிட்ச் என்பது கணினிகளை இணைக்கும் கருவி, ரவுட்டர் என்பது நெட்வொர்க்குகளை இணைக்கும் கருவி" என்று ஒரு வரிதான். வாசிக்கும்போது புரிந்த மாதிரி இருக்கிறது, அலமாரி முன்னால் போய் நின்றால் ஒன்றும் புரியவில்லை. இரண்டும்தான் கணினிகளை இணைக்கின்றன, அப்படியானால் உண்மையில் என்ன வேறுபாடு? பொறுமையாக யாராவது சொல்லுங்கள்.

கேபிள்கை:
இந்த வரையறைகளை மனப்பாடம் செய்து பயனில்லை நண்பரே. ஒவ்வொரு பெட்டியின் முன்னாலும் நின்று ஒரே கேள்வியைக் கேளுங்கள்: உள்ளே வரும் தகவலில் இது எந்த முகவரியைப் படிக்கிறது? எனக்கு இந்த விஷயம் பிடிபட்டது இந்தக் கேள்விக்கு அப்புறம்தான்.

ஹப் எந்த முகவரியையும் படிக்காது. ஒரு துளையில் வந்த மின்துடிப்பை மற்ற எல்லாத் துளைகளிலும் அப்படியே திருப்பி அனுப்பும், அவ்வளவுதான். சுவிட்ச் மேக் முகவரியைப் படிக்கும், அதாவது ஒவ்வொரு கருவிக்கும் தயாரிக்கும்போதே கொடுக்கப்படும் எண்ணை. ரவுட்டர் ஐபி முகவரியைப் படிக்கும், அதாவது கருவி எந்த நெட்வொர்க்கில் இருக்கிறது என்று சொல்லும் எண்ணை. மோடம் முகவரி பக்கமே போகாது, தகவல் பயணிக்கும் வடிவத்தை மட்டும் மாற்றும்.

சுவிட்சைக் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள், அழகான வேலை அது. புதிதாக மின்சாரம் கொடுத்ததும் அதற்கு யாரையும் தெரியாது. 3ஆம் துளையில் இருக்கும் கணினி ஏதோ ஒன்றை அனுப்புகிறது என்று வையுங்கள். அந்தத் தகவல் துண்டில் (ஃபிரேம் என்பார்கள்) அனுப்புபவரின் மேக், பெறுபவரின் மேக் இரண்டும் இருக்கும். சுவிட்ச் முதலில் அனுப்பியவரைப் பார்த்து "இந்த மேக் 3ஆம் துளையில் இருக்கிறது" என்று தன் அட்டவணையில் குறித்துக்கொள்ளும். பெறுபவர் எங்கே என்று இன்னும் தெரியாததால் அந்த ஒரு முறை மட்டும் வந்த துளையைத் தவிர மற்ற எல்லாத் துளைகளுக்கும் அனுப்பிவிடும். பெறுபவர் 9ஆம் துளையிலிருந்து பதில் சொன்னால் அவர் இடமும் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு இந்த இருவருடைய பேச்சு 3க்கும் 9க்கும் நடுவில் மட்டும்தான், மற்ற 22 துளைகளுக்கும் அது கேட்காது. யாரும் உட்கார்ந்து இதற்கு எதையும் சொல்லித்தர வேண்டியதில்லை, பார்த்துப் பார்த்துத் தானே கற்றுக்கொள்கிறது. கொஞ்ச நேரம் ஒரு மேக் பேசாமல் இருந்தால் அந்த வரியை அழித்தும்விடும், பல சுவிட்சுகளில் அது 300 நொடி. அதே மேக் வேறு துளையிலிருந்து பேசினால் வரியை உடனே மாற்றி எழுதிக்கொள்ளும், அதனால்தான் மடிக்கணினியை வேறு மேசைக்குக் கொண்டுபோய்ச் செருகினாலும் பிரச்சினை வருவதில்லை.

உங்கள் 24 துளைப் பெட்டி சுவிட்சாகத்தான் இருக்கும். அந்த எட்டுத் துளைப் பெட்டியில் 'கொலிஷன்' என்று எழுதிய விளக்கு ஏதாவது இருக்கிறதா பாருங்கள்.

புதுக்கணு:
இருக்கிறது! ஆரஞ்சு நிற விளக்கு, யாராவது பிரிண்ட் கொடுத்தால் மின்னுகிறது.

பழைய பிணைப்பு:
அப்படியானால் அது ஹப்தான், இன்றே கழற்றிவிடுங்கள். இன்னும் ஒன்று உயிரோடு இருப்பதைக் கேட்கவே ஆச்சரியமாக இருக்கிறது.

ஆனால் கழற்றுவதற்கு முன் அது ஏன் அப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். 1973இல் செராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் ராபர்ட் மெட்காஃப், கணினிகளை ஒயரால் இணைக்கும் ஈதர்நெட் என்ற முறையின் யோசனையை எழுதினார், டேவிட் பாக்ஸுடன் சேர்ந்து அதைக் கட்டினார். அன்று நீளமாக ஒரே ஒரு கோஆக்சியல் கேபிள், வழி நெடுக அதில் கணினிகளைத் தொற்றவைத்திருப்பார்கள். ஒருவர் பேசினால் எல்லாருக்கும் கேட்கும். இருவர் ஒரே நேரத்தில் பேசினால் இரண்டும் மோதிச் சிதையும், அதுதான் கொலிஷன். மோதியதும் இருவரும் நிறுத்திவிட்டு ஆளுக்கொரு சீரற்ற நேரம் காத்திருந்து மறுபடி முயல்வார்கள். ஹப் என்பது அந்த நீளக் கேபிளைச் சுருட்டிப் பெட்டிக்குள் வைத்தது மாதிரி. வெளியே பார்த்தால் ஒவ்வொரு கணினிக்கும் தனி ஒயர், உள்ளே எல்லாருக்கும் ஒரே ஒயர்தான்.

1990இல் கல்பனா என்ற நிறுவனம் ஈதர்நெட் சுவிட்சைச் சந்தைக்குக் கொண்டுவந்தது, 1994இல் சிஸ்கோ அந்த நிறுவனத்தை வாங்கியது. அதன் பிறகு சுவிட்ச் பரவப் பரவ மோதல் என்ற பிரச்சினையே ஒயரில் இல்லாமல் போய்விட்டது, ஏனென்றால் ஒவ்வொரு துளையும் தனிப் பாதை, அதிலும் ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும் முடியும்.

நள்ளிரவுப் பணி:
புதிதாகக் கற்பவருக்கு ஹப் வரலாறு எதற்கு? கடையில் யாரும் விற்பதுகூட இல்லை. சுவிட்சிலிருந்து தொடங்கினால் போதும் என்பது என் கருத்து.

கேபிள்கை:
இதில் நான் ஒத்துப்போகவில்லை. ஹப் தெரியாதவருக்கு வைஃபை புரியாது. காற்றும் எல்லாருக்கும் பொதுவான ஒரே ஒயர்தான். ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும், மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். ஒயரிலாவது மோதலைக் கண்டுபிடித்து நிறுத்தலாம். ரேடியோவில் தான் பேசும்போது தன் சத்தமே பெரிதாகக் கேட்பதால் மற்றவர் பேசுவது தெரியாது, அதனால் வைஃபையில் முன்கூட்டியே ஒதுங்கிக் காத்திருந்து பேசுகிறார்கள். பெட்டியின் மேல் என்ன வேகம் அச்சடித்திருந்தாலும், கூட்டம் சேர்ந்தால் வைஃபை திணறுவது இதனால்தான். ஹப்பைப் படித்தவருக்கு இது உடனே உறைக்கும்.

நள்ளிரவுப் பணி:
சரி, அந்தக் கோணத்தில் பார்த்தால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு திருத்தம். வைஃபை 6இல் ஒரே சேனலைச் சிறு துண்டுகளாகப் பிரித்து ஒரே நேரத்தில் பல கருவிகளுக்குக் கொடுக்க முடியும், அதனால் "ஒருவர்தான்" என்பது பழைய தலைமுறைகளுக்குத்தான் முழுமையாகப் பொருந்தும். காற்று பொது என்பது மட்டும் மாறவில்லை.

புதுக்கணு:
சுவிட்ச் புரிந்துவிட்டது, ரொம்ப நன்றி. இப்போது ஒரு சந்தேகம், கேட்கவே தயக்கமாக இருக்கிறது. எல்லாக் கருவிக்கும் மேக் முகவரி இருக்கிறது, சுவிட்ச் அதை வைத்தே சரியான இடத்துக்குக் கொண்டுசேர்க்கிறது. அப்புறம் ஐபி எதற்கு? உலகம் முழுக்கச் சுவிட்சையே வைத்திருக்கலாமே?

பழைய பிணைப்பு:
தயங்க வேண்டாம் தம்பி, இந்த இழையிலேயே நல்ல கேள்வி இதுதான். பல வருடம் இந்த வேலையில் இருப்பவர்களே இதை யோசித்திருக்க மாட்டார்கள்.

மேக் என்பது 48 பிட் எண். முதல் 24 பிட் தயாரித்த நிறுவனத்தைக் குறிக்கும், மீதி அந்தக் கருவிக்கானது. அதாவது அது பெயர் மாதிரி, ஒருவர் யார் என்று சொல்லும், எங்கே இருக்கிறார் என்று சொல்லாது. வரிசையாக இரண்டு மேக் எண்கள் உலகத்தின் இரண்டு மூலைகளில் இருக்கலாம். உலகம் முழுக்கச் சுவிட்ச் என்றால் ஒவ்வொரு சுவிட்சும் உலகத்தில் உள்ள அத்தனை கருவிகளின் பெயரையும் அட்டவணையில் வைத்திருக்க வேண்டும், தெரியாத பெயர் வந்தால் உலகம் முழுக்கக் கூவ வேண்டும்.

ஐபி தெரு முகவரி மாதிரி. முன்பகுதி எந்த நெட்வொர்க் என்று சொல்லும், பின்பகுதி அதற்குள் எந்தக் கருவி என்று சொல்லும். ரவுட்டருக்கு ஒவ்வொரு கருவியையும் தெரிந்திருக்க வேண்டியதில்லை, "இந்த முன்பகுதியில் தொடங்கும் முகவரிகள் எல்லாம் அந்தப் பக்கம்" என்று ஒரு வரி போதும். உங்கள் அலுவலக ரவுட்டரின் அட்டவணை இன்னும் எளிது: நம்மவை எல்லாம் இந்தப் பக்கம், மற்ற எல்லாம் சேவை நிறுவனத்தின் பக்கம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். உங்கள் கணினி தொலைவில் உள்ள ஒரு சர்வருக்குப் பாக்கெட் (ஐபி முகவரி எழுதிய தகவல் துண்டு) அனுப்பும்போது, ஐபி இடத்தில் அந்தச் சர்வரின் முகவரி இருக்கும், ஆனால் மேக் இடத்தில் உங்கள் ரவுட்டரின் மேக் இருக்கும். ரவுட்டர் அதை வாங்கி, பழைய மேக் உறையைக் கிழித்துப் போட்டுவிட்டு, அடுத்த ரவுட்டரின் மேக்கை எழுதிய புது உறையில் போட்டு அனுப்பும். ஒவ்வொரு தாவலிலும் உறை மாறும், உள்ளே இருக்கும் சேருமிட ஐபி மாறாது. இதை ஒரு காகிதத்தில் நீங்களே வரைந்து பாருங்கள். இரண்டு ரவுட்டர், இரண்டு சுவிட்ச், இரண்டு கணினி போதும்.

மின்மினி:
இதோடு நாட் என்ற முகவரி மாற்றும் வேலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அலுவலகத்துக்குள் எல்லாருக்கும் பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும் முகவரிதான் இருக்கும். இவை தனியார் முகவரிகள், வெளி இணையத்தில் செல்லாது. ரவுட்டர் வெளியே அனுப்பும்போது அனுப்புநர் முகவரியைத் தன் பொது முகவரியாக மாற்றி எழுதிவிட்டு, யாருக்காக மாற்றினோம் என்று குறித்துவைத்துக்கொள்ளும், பதில் வந்தால் அந்தக் குறிப்பைப் பார்த்து உரியவரிடம் கொடுக்கும். 32 பிட் ஐபியில் சுமார் 430 கோடி முகவரிகள்தான், எல்லாருக்கும் கொடுக்கப் போதாது என்பதால் வந்த ஏற்பாடு இது.

புதுக்கணு:
அப்படியானால் எங்கள் வெள்ளைப் பெட்டி ரவுட்டரா, மோடமா? அதன் பின்னால் மெல்லிய மஞ்சள் ஒயர் ஒன்று வருகிறது. மேலேயும் ஒரு ஆன்டெனா இருக்கிறது.

கேபிள்கை:
எல்லாமும்தான். பலருக்கும் குழப்பம் தொடங்குகிற இடமே இந்தப் பெட்டிதான். ஒரே பிளாஸ்டிக் ஓட்டுக்குள் ஐந்து ஆள் வேலை செய்கிறார்கள். ஒளியை மின்சாரமாக மாற்றும் ஆள் ஒருவர், ரவுட்டர், பின்பக்கத்தில் நாலு துளைக்கு ஒரு சிறு சுவிட்ச், ஆன்டெனா வழியாக வைஃபை கொடுக்க ஒரு ஆக்சஸ் பாயின்ட், வெளியிலிருந்து அழையாமல் வருவதைத் தடுக்க ஒரு ஃபயர்வால். இவை போக, எல்லாருக்கும் ஐபி முகவரி பங்கிட்டுக் கொடுக்கும் டிஹெச்சிபி சேவையும் பெரும்பாலும் அதற்குள்ளேயே ஓடும். பெட்டியின் பெயரைக் கேட்காதீர்கள், உள்ளே எந்தெந்த வேலை நடக்கிறது என்று கேளுங்கள்.

அந்த மஞ்சள் ஒயர் ஃபைபர். அதன் நடுவே ஒளி போகும் இழை சுமார் 9 மைக்ரோமீட்டர்தான், தலைமுடியைவிடப் பலமடங்கு மெல்லியது. தயவுசெய்து அதை மடக்கிக் கட்டிவைக்காதீர்கள், கூர்மையாக வளைத்தால் ஒளி வெளியே கசிந்துவிடும். கழற்றிய முனைக்கு நேராகக் கண்ணை வைத்தும் பார்க்காதீர்கள், அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைப் பாதிக்கும்.

நள்ளிரவுப் பணி:
ஃபைபர் பெட்டியை மோடம் என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். அதற்கு ஓஎன்டி, அதாவது ஃபைபர் வந்து முடியும் கருவி, என்று தனிப் பெயர் இருக்கிறது. மோடம் என்பது தொலைபேசி ஒயரிலோ கேபிள் டிவி ஒயரிலோ அனுப்புவதற்காக எண்களை அலையில் ஏற்றி இறக்குவது. பேச்சுவழக்கில் எல்லாரும் மோடம் என்கிறார்கள், ஆனால் புகார் கொடுக்கும்போது சரியான பெயரைச் சொன்னால் எதிர்முனையில் இருப்பவருக்கு உடனே புரியும்.

மின்மினி:
கூரையில் இருக்கும் தட்டு ஆக்சஸ் பாயின்ட். அதற்குக் கரண்ட் நெட்வொர்க் கேபிள் வழியாகவே போகிறது, பிஓஇ என்பார்கள். 2003இல் வந்த முதல் தரத்தில் ஒரு துளைக்கு 15.4 வாட் வரை, 2009இல் வந்ததில் 30 வாட் வரை.

"அப்படியானால் அந்தத் துளையில் மடிக்கணினியைச் செருகினால் எரிந்துவிடுமா?" என்று எல்லாரும் பயப்படுவார்கள், நானும் பயந்திருக்கிறேன். எரியாது. தரப்படி செய்த சுவிட்ச் முதலில் மிகக் குறைந்த மின்னழுத்தம் கொடுத்து, எதிர்முனையில் சுமார் 25 கிலோ ஓம் தடை தெரிகிறதா என்று பார்க்கும். தெரிந்தால்தான் முழு மின்சாரம். மடிக்கணினியில் அந்தத் தடை இருக்காது, அதனால் சுவிட்ச் சும்மா இருந்துவிடும். ஆனால் 'பேசிவ்' என்று எழுதிய சில மலிவு இன்ஜெக்டர்கள் (கேபிளில் மின்சாரம் ஏற்றும் சிறு பெட்டிகள்) இந்தச் சோதனையைச் செய்வதில்லை, எடுத்த எடுப்பில் மின்சாரத்தை அனுப்பிவிடும். அலமாரிக்குள் அப்படி ஒன்று இருந்தால் அதன் மேல் பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள்.

புதுக்கணு:
இப்போதுதான் அலமாரிக்கு அர்த்தம் வருகிறது. இன்னொரு பிரச்சினையும் இருக்கிறது. மூலையில் ஒரு மேசைக் கணினி மட்டும் எப்போதும் மெதுவாக இருக்கிறது, கோப்பு நகலெடுத்தால் நொடிக்கு 11 மெகாபைட்டைத் தாண்டுவதில்லை. மற்றவர்களுக்கு 100க்கு மேல் வருகிறது. நெட்வொர்க் கார்டு பழுதா? புதுசு வாங்கச் சொல்லட்டுமா?

கேபிள்கை:
எதையும் வாங்காதீர்கள்! 11 என்ற எண்ணே விடை சொல்கிறது. ஒரு பைட்டுக்கு 8 பிட், 100 மெகாபிட்டை 8ஆல் வகுத்தால் 12.5, அதில் உறைகளுக்கான செலவு போக 11 சொச்சம்தான் மிஞ்சும். ஆக அந்தக் கணினி 1000இல் இணையாமல் 100இல் இணைந்திருக்கிறது. அமைப்புகளில் போய் லிங்க் வேகத்தைப் பாருங்கள், 100 என்றுதான் இருக்கும்.

இதற்கு முக்கால்வாசி நேரம் காரணம் கேபிள். உள்ளே எட்டுக் கம்பிகள், நாலு ஜோடி. 100 மெகாபிட்டுக்கு 1, 2, 3, 6 என்ற நாலு கம்பிகள் போதும். 1999இல் வந்த கிகாபிட் தரத்துக்கு எட்டும் வேண்டும். எனவே மற்ற நாலில் ஒன்று அறுந்தாலும் லிங்க் விளக்கு எரியும், இணையம் வரும், எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரியும், வேகம் மட்டும் பத்தில் ஒன்றாகிவிடும். முழுசாக அறுந்தால் உடனே கண்டுபிடித்துவிடலாம். இப்படிப் பாதி செத்த கேபிள்தான் மாதக்கணக்கில் ஆளைச் சுற்றவிடும்.

முதலில் மேசைப் பக்கத்துச் சிறு கேபிளை மாற்றிப் பாருங்கள். சரியாகவில்லை என்றால் அலமாரிப் பக்கத்தில் உள்ளதை மாற்றுங்கள். அப்போதும் இல்லை என்றால் சுவருக்குள் போவதையோ அதன் முனையையோ பார்க்க வேண்டும். ஒரு கேபிள் டெஸ்டர் வாங்கிக்கொள்ளுங்கள், சாதாரணமானதே போதும், எட்டு விளக்கும் வரிசையாக எரிகிறதா என்று காட்டும்.

பழைய பிணைப்பு:
கேபிள் வாங்கும்போது உள்ளே செம்பா, செம்பு பூசிய அலுமினியமா என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியம் எளிதில் முறியும், மின்தடையும் கூடுதல், பிஓஇ ஓட்டினால் சூடாகும். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுதான். கம்பியின் முனையைச் சுரண்டிப் பாருங்கள், வெள்ளி நிறம் தெரிந்தால் வேண்டாம். நீளமும் 100 மீட்டருக்குள் இருக்கட்டும்.

நள்ளிரவுப் பணி:
அலமாரியைச் சுத்தம் செய்யப் போகிறீர்கள் என்று தெரிகிறது, அதனால் ஒரு அனுபவத்தைச் சொல்கிறேன். முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஒருநாள் காலை பத்து மணிக்கு மொத்த நெட்வொர்க்கும் நின்றுபோனது. எல்லாச் சுவிட்சிலும் எல்லா விளக்குகளும் ஒரே தாளத்தில் விடாமல் மின்னிக்கொண்டிருந்தன. அந்தக் காட்சி இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. ஒருவர் தன் மேசையடியில் தொங்கிக்கொண்டிருந்த கேபிள் முனையைப் பார்த்து, கழன்றுவிட்டது போல என்று நல்லெண்ணத்தில் அருகில் இருந்த சிறு சுவிட்சில் செருகியிருக்கிறார். அதன் மறுமுனையும் அதே சுவிட்சில்தான் இருந்தது.

எல்லாருக்கும் என்று அனுப்பப்படும் பிராட்காஸ்ட் ஃபிரேம் அந்த வளையத்தில் நுழைந்தால் வெளியே வர வழியில்லை. ஐபி பாக்கெட்டில் ஆயுள் எண் ஒன்று உண்டு, ஒவ்வொரு ரவுட்டரும் அதில் ஒன்றைக் குறைக்கும், பூஜ்யமானால் தூக்கிப் போட்டுவிடும். ஈதர்நெட் ஃபிரேமில் அப்படி ஒன்றும் இல்லை. சுற்றிச் சுற்றி வந்து, ஒவ்வொரு சுற்றிலும் மற்ற எல்லாத் துளைகளுக்கும் நகல் போய்க்கொண்டே இருக்கும். ஒவ்வொரு கேபிளாகக் கழற்றிக் கழற்றி, விளக்குகள் அடங்கிய கணத்தில்தான் எந்தக் கேபிள் என்று பிடித்தோம். இரண்டரை மணி நேரம் ஆனது.

இதற்கு மருந்து 1985லேயே வந்துவிட்டது. ரேடியா பெர்ல்மன் டிஇசி நிறுவனத்தில் இருந்தபோது உருவாக்கிய ஸ்பானிங் ட்ரீ. சுவிட்சுகள் தங்களுக்குள் பேசி, வளையம் இருந்தால் ஒரு துளையைத் தாமாகவே அடைத்துவிடும். நிர்வகிக்கக்கூடிய சுவிட்சுகளில் இது இருக்கும், மேசையில் போடும் சாதாரணச் சின்னச் சுவிட்சுகளில் பெரும்பாலும் இருக்காது. உங்கள் 24 துளைப் பெட்டிக்குள் உள்நுழைய முடிந்தால் முதலில் அது ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள்.

மின்மினி:
வைஃபை எட்டவில்லை என்று யாராவது வீட்டில் கிடந்த ரவுட்டரைக் கொண்டுவந்து செருகுவார்கள், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அதில் உள் கணினிகளுக்கான சாதாரண லேன் துளையில் செருகிவிட்டால் அதுவும் டிஹெச்சிபி கொடுக்கத் தொடங்கும், பாதிப் பேருக்குத் தவறான முகவரி போய், "எனக்கு இணையம் வருகிறது, பக்கத்து மேசைக்கு வரவில்லை" என்ற புகார் வரும். இன்டர்நெட் என்று எழுதிய தனி நிறத் துளையில் செருகினால் இணையம் வரும், ஆனால் ஏற்கெனவே இருக்கும் நாட் ஒன்றுக்குள் இன்னொரு நாட் ஆகிவிடும், அதன் பின்னால் இருப்பவர்கள் அலுவலகப் பிரிண்டரைத் தேடினால் பட்டியலில் வராது. கட்டாயம் பயன்படுத்தத்தான் வேண்டும் என்றால் அதில் ஆக்சஸ் பாயின்ட் மோட் என்று இருக்கும், அதற்கு மாற்றிவிட்டுச் செருகுங்கள்.

புதுக்கணு:
நான்கு நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். சனிக்கிழமை யாரும் இல்லாத நேரத்தில் அலமாரியைத் திறந்து உட்கார்ந்தேன்.

மூலை மேசை: லிங்க் வேகம் 100 என்றுதான் காட்டியது. சிறு கேபிள் இரண்டையும் மாற்றினேன், மாற்றமில்லை. டெஸ்டர் வைத்தபோது 8ஆவது விளக்கு எரியவில்லை. அலமாரிப் பக்கத்து முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், பழுப்புக் கம்பி மட்டும் கண்ணாடி பிளக்கின் கடைசிவரை போகாமல் ஒரு அரிசி நீளத்துக்கு முன்னாலேயே நின்றிருந்தது. வெட்டிவிட்டுப் புது ஆர்ஜே45 பிளக்கை அழுத்திப் பொருத்தினேன் (கிரிம்ப்). முதல் இரண்டு பிளக் வீணாகிவிட்டது, மூன்றாவது முறை எட்டு விளக்கும் எரிந்தன. இப்போது 1000, நகல் வேகம் 110. பழைய கார்டுக்கு ஒன்றுமே இல்லை.

ஹப்பைக் கழற்றி, பிரிண்டரை நேராக 24 துளைப் பெட்டியிலேயே போட்டுவிட்டேன். அப்போது ஹப்பிலிருந்து இன்னொரு கேபிள் மேசைக்குப் பின்னால் போவதைப் பார்த்தேன், இழுத்துப் பார்த்தால் மறுமுனை எதிலும் இல்லாமல் தரையில் கிடந்தது. நள்ளிரவுப் பணி அண்ணா சொன்னது உடனே ஞாபகம் வந்தது, உருவி எடுத்துவிட்டேன். சுவிட்சுக்குள் நுழையக் கடவுச்சொல் தெரியவில்லை, முன்பு இருந்தவரிடம் கேட்டிருக்கிறேன்.

கேபிள்கை:
மூன்றாவது முயற்சியிலேயே கிரிம்ப் வந்துவிட்டதா, மிக நல்லது. கடவுச்சொல் கிடைத்ததும் ஸ்பானிங் ட்ரீயைப் பாருங்கள், அப்படியே மேக் அட்டவணையையும் ஒருமுறை திறந்து பாருங்கள். எந்தத் துளையில் எந்தக் கருவி என்று அதில் வரிசையாக இருக்கும், அதை வைத்தே ஒவ்வொரு கேபிளுக்கும் இரண்டு முனையிலும் பெயர் எழுதி ஒட்டிவிடலாம். ஒரே துளையில் ஐந்தாறு மேக் தெரிந்தால் அங்கே மேசையடியில் இன்னொரு சின்னச் சுவிட்ச் ஒளிந்திருக்கலாம், போய்ப் பாருங்கள்.

புதுக்கணு:
கடவுச்சொல் வந்துவிட்டது. ஸ்பானிங் ட்ரீ ஆஃப்பில் இருந்தது, ஆன் செய்துவிட்டேன். 17ஆம் துளையில் ஆறு மேக் தெரிகிறது. டார்ச் எடுத்துக்கொண்டு போகிறேன்.